இரவு கவிழ்த்தல்

விதைப் பொட்டலத்தின் முதுகில்
எழுபது நாளில் பூக்கும் என்று போட்டிருந்தது.
போட்டவருக்கு
இரவு இருந்திருக்கிறது.

இங்கே வாட்சோவில்
மே பாதியில் ஏறிய வெயில்
ஜூலைக் கடைசிவரை இறங்காது.
நடுநிசியில் வடக்கு மேட்டின் முதுகைத் தடவும்,
ஏதோ மறந்துவிட்டதுபோல்
மறுபடி மேலே போகும்.

ஏப்ரலில் குளியலறை ஜன்னலோரம்
தயிர்க் கோப்பைகளில் போட்டவை,
பதினொன்றில் ஒன்பது முளைத்தவை,
காஸ்மோஸ்.
தொடை உயரம் வந்தன. இடுப்புக்கு வந்தன.
சோம்புச் செடி மாதிரி
இலை, இலை, இன்னும் இலை.
மொட்டு என்று ஒரு கடுகும் இல்லை.

உரம் போட்டேன். உரத்தை நிறுத்தினேன்.
ஒருநாள் திட்டியும் பார்த்தேன்.

நூலக வண்டி கொண்டுவந்த தடித்த புத்தகத்தில்
படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்தது:
இந்தச் செடி பகலை எண்ணாது,
இருட்டைத்தான் எண்ணும்.
நீண்ட இருட்டு நாள் தவறாமல் வந்தால்
மொட்டு வைக்கும்.

வண்டி ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும்படி
சிரித்துவிட்டேன்.
டிசம்பரில் இந்த ஊரில்
இருட்டைத் தவிர என்ன இருந்தது?
யாராவது அள்ளிக்கொண்டு போனால் தேவலை என்று
வாசலில் கொட்டிக் கிடந்ததே,
ஒரு ஜாடியாவது
பிடித்து வைத்திருக்கலாம்.

நண்டு ஆலையில் விரிசல் விட்டுக் கழித்த
கறுப்புப் பீப்பாய்கள் ஐந்து கிடைத்தன.
விரிசல்களுக்கு நாடா ஒட்டினேன்.
செடி ஒன்பது.
இரவு ஐந்து.
யாருக்கு என்று யோசித்தபடி
ஒரு காபி ஆறும்வரை நின்றேன்.
கடைசியில் வேலிப் பக்கத்து ஐந்து,
அங்கே தரை சமம் என்பதால். வேறு நியாயம் இல்லை.

மாலை நான்குக்கு வேலை விட்டு வந்து கவிழ்ப்பேன்.
காற்றுக்குத் தலையில் ஒரு கல்.
காலை ஆறுக்குப் போகும்போது எடுப்பேன்.
உள்ளேயிருந்து நண்டு வாசமும் ஈர மண் வாசமும்
ஒன்றாக எழுந்து வரும்.

'ஹில்போர்க், யாரைப் புதைக்கிறாய்?'
பக்கத்து வீட்டு ஊட்லைஃப்.
மூன்று நாளாகத் தூங்காமல்
நள்ளிரவு வெயிலில் படகுக்கு நீலம் அடிக்கிறவர்.
'தூங்க வைக்கிறேன்' என்றேன்.
தூரிகையைப் பிடித்தபடி பீப்பாயையே பார்த்தார்.
'என் அளவில் ஒன்று கிடைக்குமா?'

ஜூலை மூன்றாம் வாரம் பெருங்காற்று.
கறுப்பு ஜன்னல் துணிக்குள்
நான் அசந்து தூங்கிவிட்டேன்.
கற்கள் உருண்டு சாலையில் கிடந்தன.
பீப்பாய்கள் மட்டும்
அததன் இடத்தில் நின்றன,
தலையில் படகுக்கயிறு கட்டி.
ஒன்றின் வயிற்றில்
ஐந்து நீல விரல்கள்.

அதைப் பற்றி அவரிடம் பேசவில்லை.
வேலியின்மேல் மீன்வறுவல் ஒரு தட்டு வைத்தேன்.
தட்டு கழுவி வந்தது.

ஆகஸ்ட் பதினான்கு:
முதல் பூ. ரோஜா நிறம்,
நடுவில் மஞ்சள் பொட்டு,
காகிதத்தைவிட மெலிது.
அந்த வாரத்துக்குள் ஐந்திலும்.
தபால்காரி வண்டியை நிறுத்தி இறங்கினாள்.
மற்ற நான்கும் என் தோள்வரை வளர்ந்து
இலையோடு நின்றன.
அவற்றின் பக்கம் போகும்போது
கொஞ்சம் வேகமாக நடந்தேன்.

செப்டம்பரில் இரவு தானாகவே வந்தது,
எல்லோருக்கும், கேட்காமலே.
நான்கும் அவசர அவசரமாக மொட்டு வைத்தன.
ஒரு மொட்டின் நுனியில்
நிறம் தெரியப் போகிற மாதிரி இருந்த அன்று
உறைபனி.
காலையில் ஒன்பதும்
வேகவைத்த கீரை.

அந்த மொட்டைப் பிரித்துப் பார்த்தேன்.
வெள்ளையாக இருந்திருக்கலாம்.
நீரில் ஊறிய இதழுக்கு
நிறம் சொல்வது கஷ்டம்.

அடுத்த வருஷத்துப் பொட்டலம் வாங்கியாயிற்று.
ஊட்லைஃபும் ஒன்று கேட்டார்,
எதிர்பார்க்கவில்லை.
கொடுக்கும்முன் திருப்பி
எழுபது நாளை அடித்துவிட்டுப்
பென்சிலால் எழுதினேன்:
பீப்பாய் ஒன்பது.
நாடா.
கயிறு உங்களிடமே இருக்கிறது.